உஷார்! விரல் மூட்டுக்குக் கெடு மூன்றே வாரம்

ஹட் பேயோ ரங்கத்தோ டிக்லிபூரோ, சாயங்காலம் வாலிபால் நடக்கும் எந்த மைதானத்திலும் இது நடக்கக்கூடியதுதான். பந்தைத் தடுக்கப் போனவரின் விரல் பின்பக்கமாக மடங்கிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்பவர், "ஒண்ணும் ஆகல, பிசகிருச்சு" என்று சொல்லிக்கொண்டே விரலைப் பிடித்து ஒரு இழு இழுக்கிறார். விரல் நேராகிறது. எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்குப் போனதும் தைலம், ஒத்தடம், பிறகு யாராவது பெரியவரிடம் போய்ச் சுளுக்கு வழித்துக்கொள்வது. வீக்கம் வற்றட்டும் என்று ஒரு வாரம் போகிறது, வலி அடங்கட்டும் என்று இன்னொரு வாரம். ஒன்றரை மாதம் கழித்தும் கையைப் பொத்த முடியவில்லை என்றான பிறகுதான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறார்கள். அதற்குள் மூட்டைக் காப்பாற்றும் சுலபமான வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கும்.

இதை அந்தமானில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக எடுத்துச் சொல்லக் காரணம், நடுவில் கிடக்கும் கடல். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர் இரண்டு வாரம் தாமதித்தாலும் மறுநாள் காலை பஸ் ஏறி ஒரு கை அறுவை நிபுணர் முன்னால் உட்கார்ந்துவிடலாம். போர்ட் பிளேரிலிருந்து சென்னை சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். கேம்ப்பெல் பேயில் இருப்பவருக்கு முதலில் போர்ட் பிளேருக்கு வரவே 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் எப்போது கிளம்பும் என்று யாரும் சொல்ல முடியாது, டிக்கெட் கிடைப்பது வேறு பாடு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் தூரம் அதேதான். விரல் மூட்டு எலும்பு உடைந்து விலகினால் அதைச் சரியாகப் பொருத்த நல்ல காலம் முதல் இரண்டு, மூன்று வாரம். அதில் ஒரு வாரத்தைப் பயணம் தின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காத்திருக்க உங்களுக்கு மிச்சமே இல்லை.

தீவில் விரல் நசுங்க ஆயிரம் வழி உண்டு. ஜெட்டியில் படகு அணையும்போது கட்டைக்கும் படகுக்கும் இடையில் கை மாட்டுகிறது. டிங்கியின் மோட்டாரை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது கயிறு வெட்டிச் சுண்டுகிறது. பெரிய மீன் மாட்டிய தூண்டில் நரம்பு விரலைச் சுற்றிக்கொள்கிறது. தேங்காய் உரிக்கும் பாரை, மர அறுவை மெஷின், புல் வெட்டும் மெஷின், பைக்கிலிருந்து விழுவது. விரலையே வைத்துப் பிழைக்கும் ஊர் இது. மீனவருக்கும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் ஒரு விரல் மடங்காமல் போனால் பக்கத்து விரல்களும் சேர்ந்தே பலவீனமாகும். விரல்களை மடக்கும் தசை நாண்கள் முன்கையில் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், ஒரு விரல் விறைத்து நின்றாலே மற்ற விரல்களும் முழு பலத்தோடு பொத்தாது.

எந்த மூட்டு என்பது முக்கியம். நகத்தை ஒட்டிய நுனி மூட்டு கொஞ்சம் இறுகினாலும் பலர் சமாளித்துவிடுகிறார்கள். உள்ளங்கையோடு சேரும் முட்டி மூட்டுக்கு ஓரளவு மன்னிக்கும் குணம் உண்டு. பயப்பட வேண்டியது நடு மூட்டைக் கண்டுதான். நேராக இருப்பதிலிருந்து 100 டிகிரிக்கு மேல் மடங்கக்கூடிய மூட்டு அது. கயிறு பிடிப்பதும் சுத்தியல் பிடிப்பதும் சோறு அள்ளுவதும் அதை நம்பித்தான். அடிபட்டால் மிக வேகமாக இறுகுவதும் அதுதான்.

அந்த மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அவசரம் ஏன் என்று புரியும். விரலின் அடி எலும்பு முனையில் உருண்டையாக முடிகிறது. நடு எலும்பின் தொடக்கம் ஆழமில்லாத குழியாக அதை ஏந்திக்கொள்கிறது. உள்ளங்கைப் பக்கம் கெட்டியான ஒரு சவ்வுத் தகடும், இரண்டு பக்கவாட்டிலும் தசைநார்களும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. விரல் பின்னுக்கு மடங்கி விலகும்போது அந்தச் சவ்வு கிழியலாம், அல்லது குழியின் உள்ளங்கைப் பக்க விளிம்பையே உடைத்துக்கொண்டு வரலாம். விளிம்பு உடைந்த தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் நழுவுவதைப் போல, விளிம்பு போன மூட்டு பின்பக்கமாக நழுவிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் விரல் வீங்கிய நேரான விரல்தான். உள்ளே எலும்பு பாதி விலகி நிற்கும்.

எவ்வளவு விளிம்பு உடைந்தது என்பதை வைத்தே டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள். குழியின் பரப்பில் 30 சதவீதத்துக்குள் உடைந்திருந்தால் மூட்டு பெரும்பாலும் நிலையாக நிற்கும். பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டு, சீக்கிரமே அசைக்கச் சொல்வார்கள். 30 முதல் 50 சதவீதம் வரை சந்தேகக் கட்டம். 50 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டு தானாக நிற்காது, ஏதாவது செய்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கைத் தடவிப் பார்த்து எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

எக்ஸ்ரே வேண்டும். அதிலும் உஷார்! "கைக்கு எக்ஸ்ரே" என்று எழுதினால் முழுக் கையையும் படுக்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் படத்தில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, உடைந்த விளிம்பு மறைந்துபோகும். அடிபட்ட விரலை மட்டும் தனியாக, சரியான பக்கவாட்டுக் கோணத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பக்கவாட்டுப் படத்தில் மூட்டின் இரண்டு வளைவுகளும் இணையாக ஓட வேண்டும். மேல்பக்கம் இடைவெளி ஆங்கில 'வி' எழுத்து போல அகன்றிருந்தால் மூட்டு விலகியே நிற்கிறது என்று அர்த்தம். படத்தைக் கையில் வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "மூட்டு பொருந்தியிருக்கிறதா, விலகியிருக்கிறதா?" 'எலும்பு முறிவு சின்னதுதான்' என்ற பதிலோடு வெளியே வந்துவிடாதீர்கள். முறிவு சின்னதாக இருந்தும் மூட்டு விலகியிருக்கலாம்.

தீவுக்காரர்களுக்கு இன்று கையில் இருக்கும் ஒரு வசதி, முந்தைய தலைமுறைக்கு இல்லாதது. சென்னையிலிருந்து கடலடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு நிற்காமல் ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் வரை அது போகிறது. கமோர்ட்டாவில் எடுத்த எக்ஸ்ரே படத்தை அன்றைக்கே சென்னையிலோ வேலூரிலோ ஒரு டாக்டர் பார்க்க முடியும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் இந்தப் படத்தையும் அனுப்பலாம். போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் செய்யக்கூடியதை அங்கேயே செய்துகொள்ளலாம், மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டியதா என்றும் அவர்களே சொல்வார்கள். அந்த முடிவு முதல் வாரத்திலேயே எடுக்கப்பட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

வீட்டில் நடக்கும் இன்னொரு ஆபத்து, ஐஸ் குச்சியோ ஸ்கேலோ வைத்து விரலை நேராகக் கட்டிவிடுவது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் நாட்டுக்கட்டும் இதில் சேர்த்திதான். ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். நடு மூட்டில் இரண்டு விதமான அடி உண்டு, இரண்டும் வெளிப் பார்வைக்கு ஒரே வீக்கம்தான். ஒன்று, இதுவரை சொன்ன விளிம்பு உடைவு. அதற்கு மூட்டைக் கொஞ்சம் மடக்கிய நிலையில் வைத்து, முழுக்க நீளவிடாமல் தடுத்து, வாரம் வாரம் தடுப்பைத் தளர்த்திக்கொண்டு போக வேண்டும். நேராகக் கட்டினால் மூட்டு விலகும். இன்னொன்று, விரலின் மேல்பக்கம் நீட்டும் நாணின் நடுப்பகுதி அறுந்துபோவது. அதற்கு நேர்மாறாக, நடு மூட்டை மட்டும் ஆறு வாரம் நேராக வைத்து, நுனி மூட்டை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மடக்கி வைத்தால் அறுந்த முனைகள் சேராது. முதல் வாரம் இரண்டு வாரம் விரல் ஓரளவு நீளும் என்பதால் இந்த இரண்டாவது அடி பெரிய ஏமாற்றுக்காரன். பிறகு மெல்ல நடு மூட்டு மடங்கியபடியும் நுனி பின்னுக்கு வளைந்தும் விரல் கோணிக்கொள்ளும். விரலை மேசை விளிம்பில் 90 டிகிரி மடக்கி வைத்து, நடு மூட்டை நீட்டச் சொல்லி, நுனி விறைக்கிறதா என்று பார்க்கும் சோதனையை டாக்டர் செய்வார். எந்த அடி என்று தெரியாமல் கட்டும் கட்டு, பாதி வாய்ப்பில் தப்பான கட்டு.

நுனி மூட்டுக்கும் ஒரு வார்த்தை. பந்து நுனியில் இடித்து, நுனி தொங்கிப்போய், தானாக நிமிராமல் இருந்தால், பெரும்பாலும் அறுவை வேண்டாம். நுனியை நேராகத் தாங்கும் சின்ன ஸ்பிளின்ட் ஆறு முதல் எட்டு வாரம், இரவும் பகலும். குளிக்கும்போது கழற்றி ஒருமுறை நுனியைத் தொங்கவிட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். அதுவே யாரோ ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது விரல் நுனி உதறி, பிறகு நுனியை உள்ளே மடக்கவே முடியாமல் போனால் கதை வேறு. மடக்கும் நாண் எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளங்கை வரை சுருண்டு போயிருக்கலாம். அதைத் திரும்ப இழுத்துத் தைக்க ஒரு வாரம், பத்து நாள்தான் நல்ல காலம். கபடி ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர் இதை மறக்கவே கூடாது.

இனி அறுவைக்கு வருவோம். மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் அங்கே காதில் விழும் வார்த்தைகளைக் கேட்டுக் குழம்பி, விளங்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு வழியும் யாருக்கு, எதற்கு என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் போனவருக்குக் கிடைக்கும் நல்ல வழி ஒன்று உண்டு. விரல் எலும்பின் குறுக்கே மெல்லிய கம்பிகளைச் செருகி, அவற்றை ரப்பர் வளையங்களால் இணைத்து, மூட்டை இழுத்துப் பிடித்தபடியே மடக்கி நீட்ட விடும் சட்டம். ஜப்பானிய டாக்டர் சுசுகியும் அவர் குழுவினரும் 1994-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். எலும்பு நொறுங்கிப் போனவர்களுக்குக்கூட, தோலை அகலத் திறக்காமல், ஆரம்ப நாட்களிலிருந்தே மூட்டை அசைக்க இது வழி செய்கிறது. விரலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும். இங்கேதான் தீவுக்காரருக்கு எச்சரிக்கை: கம்பி நுழையும் துளைகளில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. அந்தக் கையோடு கடலில் இறங்குவது, மீன் கழுவுவது, வலை இழுப்பது எதுவும் கூடாது. "கொஞ்சம்தானே" என்று ஒரு நாள் இறங்கினாலும் வினை.

உடைந்த துண்டு பெரிதாக, ஒரே துண்டாக இருந்தால் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் தடிமனுள்ள சின்னஞ்சிறு திருகாணிகளால் அதைத் திரும்ப முடுக்கலாம். துண்டு துண்டாகிப் போனால் திருகாணி பிடிக்காது. அப்போது பழைய வழி ஒன்று, கிழிந்த சவ்வுத் தகட்டையே இழுத்துக் குழியின் போன விளிம்புக்குப் பதிலாகத் தைப்பது. ஈட்டன், மலரிச் என்ற இரண்டு டாக்டர்கள் 1980-ல் விவரித்த முறை இது. விளிம்பு பெரிய அளவில் போயிருந்தால் மூட்டு மறுபடி விலகிவிடுவது இதன் குறை.

விளிம்பு பாதிக்கு மேல் நொறுங்கிப் போனவர்களுக்கும், ஆறு வாரம் தாண்டி வந்தவர்கள் சிலருக்கும் இன்று நம்பிக்கை தருவது மணிக்கட்டிலிருந்து எலும்பு எடுத்து வைக்கும் அறுவை. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மனித உடம்பின் ஓர் அதிசயம் இருக்கிறது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் கொக்கி எலும்பு என்று ஒன்று இருக்கிறது. மோதிர விரல், சுண்டுவிரல் இரண்டின் உள்ளங்கை எலும்புகளும் அதன்மேல் வந்து உட்காருகின்றன. அந்த இடத்தின் வளைவும் நடுவில் ஓடும் மேடும், விரலின் நடு எலும்புக் குழியின் வளைவையும் மேட்டையும் அப்படியே ஒத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஹில் ஹேஸ்டிங்ஸ் என்ற கை அறுவை நிபுணர் இந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொண்டார். அங்கிருந்து குருத்தெலும்போடு சேர்த்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, விரலில் நொறுங்கிய விளிம்பைச் செதுக்கி அகற்றிய இடத்தில் பொருத்தி, இரண்டு மூன்று திருகாணிகளால் முடுக்குகிறார்கள். உங்கள் எலும்பு, உங்கள் குருத்தெலும்பு. மூட்டு சராசரியாக 70 டிகிரி அளவுக்கு மடங்கியதாக வெளிவந்த ஆய்வு உண்டு. மணிக்கட்டில் எடுத்த இடம் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. ஆனால் நிபந்தனை ஒன்று: எதிரே இருக்கும் அடி எலும்பின் உருண்டை முனை வழுவழுப்பாக, தேயாமல் இருக்க வேண்டும். விலகிய மூட்டை மாதக்கணக்கில் அசைத்து அசைத்து அந்த உருண்டையையும் தேய்த்துக்கொண்டு வந்தவருக்கு இந்தக் கதவும் சாத்தப்படும். சுளுக்கு வழிப்பது ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இரண்டு பக்கக் குருத்தெலும்பும் போய்விட்டால் மிச்சம் இருப்பவை இரண்டு: மூட்டை மாற்றுவது, மூட்டை நிரந்தரமாக இணைத்துவிடுவது.

மாற்று மூட்டு என்றதும் முழங்கால் மாற்று அறுவையை நினைத்துக்கொண்டு, "புது மூட்டு வச்சுட்டா பழையபடி வேலை செய்யலாம்" என்று நம்பிப் போகிறவர்களுக்கு இதோ எச்சரிக்கை மணி. விரலுக்கான சிலிக்கோன் மூட்டை அமெரிக்க டாக்டர் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் 1960-களில் உருவாக்கினார். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது, வாத நோயால் மூட்டு அழிந்தவர்களுக்குப் பெரிய நிவாரணம். பைரோகார்பன் என்ற பொருளில் செய்த மூட்டுகளும் வந்தன. ஆனால் சிலிக்கோன் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. சாவியைத் திருகும்போதும் கயிற்றைக் கிள்ளிப் பிடிக்கும்போதும் கட்டைவிரல் ஆட்காட்டி விரலை அழுத்தும் அழுத்தம் அதற்குப் பகை. அதனால் ஆட்காட்டி விரலின் நடு மூட்டுக்கு அதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் ஓரளவு பொருந்தும். கடுமையாகக் கையால் உழைக்கும் இளைஞருக்கு வைத்தால் உடைந்துபோகவோ தேய்ந்துபோகவோ வாய்ப்பு அதிகம். பழைய சீழ்ப்புண் இருந்த மூட்டில் வைப்பது இன்னும் ஆபத்து. "மாற்று மூட்டு வைத்துவிடலாம்" என்று யாராவது சுலபமாகச் சொன்னால், என் வேலை இது, என் வயது இது, இந்தக் கையால்தான் வலை இழுக்கிறேன் என்பதைச் சொல்லி, எத்தனை வருடம் தாங்கும், உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது டாக்டரிடமும் கேளுங்கள்.

மூட்டை இணைத்துவிடுவது என்றால் ஆட்களுக்கு முகம் வாடிவிடுகிறது. "மடங்காத விரலா?" என்கிறார்கள். உழைப்பாளிக்கு அது பல நேரம் மிக நல்ல முடிவு என்று நான் திடமாக நம்புகிறேன். வலி போகிறது, பிடி உறுதியாகிறது, மறுபடி மறுபடி அறுவை தேவைப்படுவதில்லை. எந்தக் கோணத்தில் இணைப்பது என்பதுதான் உயிர்நாடி. நடு மூட்டுக்கு வழக்கமாக ஆட்காட்டி விரல் 40 டிகிரி, நடுவிரல் 45, மோதிர விரல் 50, சுண்டுவிரல் 55 என்று படிப்படியாக மடக்கி வைப்பார்கள், அப்போதுதான் பொத்தும்போது விரல்கள் வரிசையாக அமையும். உங்கள் தொழிலுக்கு ஏற்ப அது கொஞ்சம் மாறலாம். அறுவைக்கு முன் அந்தக் கோணத்தில் ஒரு ஸ்பிளின்ட் போட்டு, நீங்கள் பிடிக்கும் அரிவாளை, துடுப்பை, கரண்டியைப் பிடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் வேறு ஒரு வழி இருக்கிறது. காலின் இரண்டாம் விரலிலிருந்து ரத்தக்குழாயோடு மூட்டை எடுத்து, நுண்ணோக்கியில் ரத்தக்குழாய்களைத் தைத்துக் கை விரலில் வைப்பது. வளரும் எலும்புத் தட்டும் கூடவே வருவதால் குழந்தையோடு விரலும் வளரும். மடங்கும் அளவு குறைவாகத்தான் இருக்கும், அறுவையும் பல மணி நேரம். மிகத் தேர்ந்த நுண் அறுவைக் குழு இருக்கும் இடத்தில் மட்டுமே யோசிக்க வேண்டியது.

எங்கே போவது? தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் பழைய வேர் உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் இறுதியில் தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீரமைக்கத் தொடங்கினார். அறுவையோடு பயிற்சியும் சேர்ந்தால்தான் கை வேலைக்குத் திரும்பும் என்பதை அன்றே செய்து காட்டினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் கை அறுவைக்கென்று ஆரம்பித்த பிரிவு இன்று பெரிய நிலையம். அரசு மருத்துவமனை என்பதால் காசில்லாதவரும் தயங்காமல் போகலாம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜா சபாபதியின் குழு கை அறுவையில் உலகம் அறிந்த குழு. கிளம்பும் முன் தீவின் அரசு ஆஸ்பத்திரியில் ரெஃபரல் கடிதமும், எந்தக் காப்பீட்டில் எந்த மருத்துவமனை வரும் என்ற விவரமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயுஷ்மான் கார்டு இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்று வாரக் கெடுகூடப் பொருந்தாத, அன்றைக்கே ஓட வேண்டிய சில அடிகளும் உண்டு.

சண்டையில் ஒருவர் வாயில் குத்தி, முட்டி மேல் பல் பட்டு அரை அங்குலக் காயம். ஆள் வெட்கப்பட்டு "கதவு இடுக்கில் மாட்டிக்கிச்சு" என்று பொய் சொல்வார். கையைப் பொத்தியபோது பட்ட காயம், கையை விரித்ததும் நாண் நகர்ந்து மூடிக்கொள்ள, வாயின் கிருமிகள் மூட்டுக்குள் சிறைபடும். இரண்டொரு நாளில் மூட்டின் குருத்தெலும்பை அழித்துவிடும். உள்ளே திறந்து கழுவியாக வேண்டும். டாக்டரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி தாண்டாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைத்தால் விஷத்தின் வலி குறையும். சூட்டை மற்றக் கையால் சோதித்துப் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் மூட்டுக்குள் ஒடிந்து நின்றிருந்தால் வெந்நீர் போதாது. வாரக்கணக்கில் மெல்ல வீங்கும் விரல் என்றால் இன்னும் உஷார். மீனிலும் கடல் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவான ஒரு கிருமி மூட்டுக்கும் நாணுக்கும் போய்விடும். சாதாரண ஆன்டிபயாடிக் அதை அசைக்காது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும். 'வாத வீக்கம்' என்று நினைத்து அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நோய் பரவும். டாக்டர் கேட்காவிட்டாலும், "எனக்கு மீன் வேலை, முள் குத்தியிருந்தது" என்று நீங்களே சொல்லுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால், மீன் பெட்டியின் ஐஸ் பக்கத்திலேயே இருக்கும், கை தானாக அதற்குப் போகும். நேரடியாக ஐஸில் போடாதீர்கள், உறைந்து செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். தசை இல்லாத விரல் என்பதால் குளிரில் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கியிருக்கிறது. குளிரில்லாமல் அதில் பாதிதான். எந்த விரல் அடியானாலும் முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. வீங்கிய பிறகு மோதிரமே விரலை நெரிக்கும்.

கடைசியாக ஒன்று, அறுவை செய்துகொண்டவர்கள் பலர் கோட்டை விடும் இடம். தையல் பிரித்த அன்றே திரும்பும் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். செலவு, குழந்தைகள், வேலை, எல்லாம் புரிகிறது. ஆனால் விரல் மூட்டு அறுவையில் பாதி வேலை டாக்டர் கையில், மீதி பாதி பயிற்சி தருபவர் கையில். முதல் ஆறு வாரத்தில் எந்த நாளில் எத்தனை டிகிரி மடக்கலாம், எப்போது முழுக்க நீட்டலாம் என்ற கணக்கு தவறினால், பொருத்திய எலும்பு விலகும், அல்லது தழும்பு இறுகி விரல் மரக்கட்டையாகும். அதனால் சென்னையிலோ வேலூரிலோ எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்க வழி பார்த்துவிட்டுப் பிறகு தேதி வாங்குங்கள். திரும்பும்போது பயிற்சி அட்டவணையைத் தமிழில் எழுதி வாங்கி, அதையும் எக்ஸ்ரே படங்களையும் போர்ட் பிளேரில் உங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் கொடுங்கள். விரல் சிவந்து துடித்தாலோ, கம்பித் துளையில் சீழ் வந்தாலோ, முந்தைய வாரம் மடங்கிய அளவு இந்த வாரம் மடங்காமல் போனாலோ அன்றைக்கே போன் செய்து, படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.